முதல் மேசையில் 47 நொடி

ஞாயிற்றுக்கிழமை காலை. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பிளஸ் டூ வகுப்பறை. வாரம் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவர்கள் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுதான் முதலில் நிரம்பியது. மேசை மேல் வாக்குப்பதிவு இயந்திரம். எந்த ஒயரை எதில் செருகுவது, எந்த பட்டனை எப்போது அழுத்துவது, எந்த சீலை எங்கே வைப்பது என்று பயிற்சி கொடுக்க வந்தவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது, "டவுட் இருந்தா கேளுங்க" என்றார்.

நடு வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். "சார், ரேஷன் கார்டு மட்டும் எடுத்துட்டு வந்தா ஓட்டுப் போட விடலாமா?"

"விடலாம்" என்றது பாதி வகுப்பு. "கூடாது" என்றது மீதி. பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

கூடாது என்பதுதான் சரி. வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர் காட்டக்கூடிய மாற்று ஆவணங்கள் என்று 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தேர்தல் ஆணையம் 12 ஆவணங்களை அறிவித்தது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாம் அதில் உண்டு. நூறு நாள் வேலை அட்டை உண்டு. போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக் உண்டு. போட்டோவுடன் கூடிய ஓய்வூதிய ஆவணமும் உண்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உண்டு. ரேஷன் கார்டு இல்லை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் முதலில் நீட்டுகிற கார்டு அதுதான் என்பது வேறு விஷயம். யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். 2017ல் தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு வந்தபோதும் அதில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தான் இருந்தது. அது வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது.

ஆனால் வகுப்பில் யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. ரேஷன் கார்டோடு வந்த கிழவியைத் திருப்பி அனுப்பிவிட்டால் போதுமா? "கூடாது, போ" என்று சொல்கிற அலுவலர் விதிப்படிதான் நடக்கிறார். "வேற என்ன கொண்டாந்திருக்கீங்க பாட்டி, பையைக் காட்டுங்க" என்று கேட்கிறவரும் விதிப்படிதான் நடக்கிறார். இரண்டாமவரிடம் அந்தச் சுருக்குப் பையிலிருந்து நூறு நாள் அட்டையோ பாஸ்புக்கோ வெளியே வருகிறது. ஒரே விதிதான், ஓர் இடத்தில் ஓட்டு போகிறது, இன்னோர் இடத்தில் பதிவாகிறது. இதை எந்தப் பயிற்சி வகுப்பு சொல்லித் தருகிறது?

மூன்று மேசை

ஓட்டுப் போட்ட எல்லோரும் அந்த அறையைப் பார்த்திருக்கிறோம். ஆனால் யார் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்தவர்கள் குறைவு. தலைமை அலுவலரைப் பணியாளர்கள் பி.ஆர்.ஓ. என்பார்கள். அவருக்குக் கீழே மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள். பி ஒன்று, பி இரண்டு, பி மூன்று என்பது அவர்களுக்குள் வழங்குகிற பெயர்.

வாசலுக்கு அருகே இருப்பவர் பி ஒன்று. அவர் முன்னால் வாக்காளர் பட்டியலின் அடையாளமிடும் பிரதி, 'மார்க்டு காப்பி', விரிந்திருக்கும். வந்தவரின் ஆவணத்தைப் பார்த்து, பட்டியலில் வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, எண்ணையும் பெயரையும் கட்சி முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். ஆட்சேபம் இல்லையென்றால் சிவப்பு மையால் அந்தப் பெயர்க் கட்டத்தின் குறுக்கே கோடு. பெண் வாக்காளர் என்றால் கூடவே வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அன்று மாலை எத்தனை பெண்கள் வாக்களித்தார்கள் என்று டி.வி.யில் சொல்கிற எண்ணிக்கையெல்லாம் இந்த வட்டங்களை எண்ணித்தான் தொடங்குகிறது.

பி இரண்டு, மை வைப்பவர். இடது ஆள்காட்டி விரலில், நகத்தின் மேல் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடு. மை வைத்த பிறகுதான் 17ஏ எனப்படும் வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. கையெழுத்துப் போட்டு, சீட்டு வாங்கி, ஓட்டும் போட்டுவிட்டு வெளியே போவதற்குள் மை காய்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு இடது கையின் வேறு விரல். இடது கையில் விரலே இல்லையென்றால் வலது ஆள்காட்டி விரல். இரண்டு கையிலும் விரல் இல்லையென்றால் கை முடிகிற இடத்தில் மை வைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகள் சொல்கின்றன. மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கிற இந்த மை 1962 பொதுத் தேர்தலிலிருந்து நம் விரல்களில் இருக்கிறது.

பி மூன்று, கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொந்தக்காரர். சீட்டை வாங்கி, விரலில் மையைப் பார்த்து, பட்டனைத் தட்டுவார். மறைவிடத்தில் இருக்கிற இயந்திரம் உயிர் பெறும்.

இந்த மூன்றில் எது கஷ்டமான மேசை? புதிதாகப் போகிற ஆசிரியர்கள் மூன்றாவது மேசையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். இயந்திரம் மக்கர் செய்தால் என்ன ஆகும், மாட்டிக்கொள்வோமே என்ற பயம். பழையவர்களுக்கு முதல் மேசைதான் பயம். இயந்திரம் பழுதானால் மாற்று இயந்திரம் மண்டல அலுவலரின் வண்டியில் வந்துவிடும். முதல் மேசையில் தவறான ஆளை உள்ளே விட்டுவிட்டால் அந்த ஓட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024ல் வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை. 11 மணி நேரம், 660 நிமிடம். 1,200 வாக்காளர் உள்ள சாவடியில் 70 சதவீதம் பேர் வந்தால் 840 பேர். ஒருவருக்கு 47 நொடி. வெயிலுக்கு முன் போட்டுவிடலாம் என்று காலையில் கூட்டம் முண்டும். மதியம் காற்று வாங்கும். அப்படியானால் கூட்ட நேரத்தில் இந்த 47 நொடி பாதியாகச் சுருங்கிவிடும். அதற்குள் முகத்தைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி, பெயரை வாசித்து, கோடு போட வேண்டும். அந்த ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் 68,321 சாவடிகள். சாவடிக்கு நான்கு பேர் என்றாலே 2,73,284 பேர். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேர்தல் என்பது வழக்கமான தொழில் அல்ல.

பேர் சொல்லாத ஊர்

நம் கிராமத்துச் சாவடியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். வாக்காளர் பட்டியலின் ஒரே பாகத்தில் நான்கு கருப்பாயி. நால்வருக்கும் அறுபதுக்கு மேல் வயது. பட்டியலில் உள்ள படம் தபால்தலை அளவில், கறுப்பு வெள்ளையில், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற மாதிரி. வந்திருக்கிற கருப்பாயி எந்தக் கருப்பாயி என்று தெரிய, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார். கட்டின புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. கேட்டால் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, "பழநி மலை மேல இருக்காரே, அவரு பேருதான்" என்பார். பட்டியலில் ஒருவருக்குக் கணவர் முருகன், இன்னொருவருக்குத் தண்டபாணி, மூன்றாமவருக்கு வேலாயுதம். வரிசை பின்னால் நீள்கிறது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்த 1951–52ல் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவுகள் செல்லாது என்று உறுதியாக நின்றார். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. ஆனால் பெயர் சொல்லக் கூச்சப்படும் வாக்காளர் என்ற பிரச்சினை அன்றே அந்த முதல் மேசைக்கு வந்துவிட்டது.

போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வந்தது வெகுகாலம் கழித்து. தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியான டி.என்.சேஷன் 1993ல் அதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தார். அட்டை கொடுக்காவிட்டால் 1995 ஜனவரி 1க்குப் பிறகு தேர்தலே நடக்காது என்று மிரட்டிப் பார்த்தார். அதற்கு முன்பு அடையாளம் என்றால் பூத்தில் உட்கார்ந்திருக்கும் முகவர்களின் ஞாபகம்தான். ஊர் சின்னதாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்தது. நகரத்தில் செத்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள்.

அட்டை வந்ததால் முதல் மேசையின் வேலை எளிதாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அட்டையில் முத்துலட்சுமி, பட்டியலில் முத்துலெட்சுமி. வயது இரண்டு வருடம் கூடக் குறைய. அப்பா பெயரில் ஒரு எழுத்து இல்லை. இப்படிச் சின்னச் சின்னப் பிழைகளுக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும் என்கிறது ஆணையம். வேறு தொகுதியில் கொடுத்த பழைய அட்டையாக இருந்தாலும், இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். அட்டையில் உள்ள படம் ஆளோடு பொருந்தவே இல்லையென்றால்தான் மாற்று ஆவணம் கேட்க வேண்டும். வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவருக்கு மட்டும் விதி தலைகீழ்: அசல் பாஸ்போர்ட்டைத் தவிர எதுவும் செல்லாது.

இன்னொன்று, பூத் சிலிப். வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அந்தச் சீட்டு. அதை மட்டும் காட்டி ஓட்டுப் போடலாம் என்று சில தேர்தல்களில் இருந்தது. 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து அது அடையாள ஆவணம் இல்லை. பாக எண்ணும் வரிசை எண்ணும் தெரிய மட்டுமே பயன்படும். இது மாறியது பாதி ஊருக்கு இன்னும் தெரியாது. போன தடவை விட்டார்களே என்று சண்டைக்கு நிற்பார்கள், சொல்வதும் பொய்யில்லை.

அனுபவமுள்ள ஒரு பி.ஆர்.ஓ. என்னிடம் சொன்ன ஒரு பாடத்தை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்து "நீங்க செல்வராஜ்தானே?" என்று கேட்காதே. யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பான். "உங்க பேர் சொல்லுங்க" என்று கேள். அவன் வாயால் வரட்டும். சந்தேகம் இருந்தால் அப்பா பேர், தெரு, எதிர் வீட்டில் யார் என்று கேள். கேட்கிறபோது முகத்தைப் பார், பேப்பரைப் பார்க்காதே. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. பயிற்சி வகுப்பில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

இவர் அவர்தானா?

முதல் மேசையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பட்டியலில் உள்ளவரும் எதிரே நிற்பவரும் ஒரே ஆளா? இவர் குடிமகனா, இங்கேதான் குடியிருக்கிறாரா என்பதெல்லாம் அந்த மேசையின் வேலை இல்லை. பட்டியல் தயாரிக்கும்போதே முடிந்துபோன கேள்விகள் அவை. பார்த்தால் பதினாறு வயது மாதிரி இருக்கிறான் என்றால்கூட, அடையாளம் சரியாக இருந்தால் வயது பற்றி ஓர் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டியதுதான். இந்த எல்லையை அலுவலர் மறந்தாலும் தவறு, முகவர் மறந்தாலும் தவறு.

2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வந்த பெண் வாக்களிப்பதை பா.ஜ.க. முகவர் ஒருவர் எதிர்த்துக் குரல் எழுப்பினார். மற்ற கட்சி முகவர்களும் அலுவலர்களும் அவரை எதிர்த்தார்கள். சிறிது நேரம் வாக்குப்பதிவு நின்றது. போலீஸார் வந்து அந்த முகவரை வெளியே கொண்டுபோனார்கள். ஹிஜாப் முகத்தை மறைப்பதே இல்லை என்பது ஒருபுறம். முகத்தை மூடி வருகிறவர்களுக்கும் வழி எழுதியே வைத்திருக்கிறார்கள்: பெண் அலுவலர் ஒருவர் தனியாகப் பார்த்து அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். மேலூரில் அலுவலர்கள் உறுதியாக நின்றதால் விஷயம் அத்தோடு முடிந்தது. எல்லா ஊரிலும் எல்லா அலுவலரும் அப்படி நிற்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

உண்மையிலேயே சந்தேகப்படும் முகவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பணியாளர்கள் அதை சேலஞ்ச் ஓட்டு என்பார்கள். 2 ரூபாய் கட்ட வேண்டும். ஆமாம், இன்றைக்கும் 2 ரூபாய்தான். பி.ஆர்.ஓ. அந்த வாக்காளரிடம் ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்பதைச் சொல்லி, பட்டியலைப் படித்துக் காட்டி, நீங்கள்தானா என்று கேட்பார். இவர் அவர் இல்லை என்பதற்கான ஆதாரத்தை முகவர்தான் முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வாக்காளர் ஓட்டுப் போடுவார். காட்டிவிட்டால் அவர் போக வேண்டிய இடம் போலீஸ். கத்துவதற்கு விதியில் எங்கும் இடமில்லை.

தவறு மறுபக்கமும் நடக்கிறது. 2019 தேர்தலில் பிரபல சினிமா நடிகர் ஒருவர் பட்டியலில் பெயர் இல்லாமலே சென்னையில் வாக்களித்துவிட்டுப் போனார். அனுமதித்த அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் அதிகாரி சத்யபிரத சாஹூ சொல்ல வேண்டி வந்தது. எனக்கு அந்த அலுவலரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. எதிரே நிற்பவர் யார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இருந்திருக்காது. ஊருக்கே தெரிந்த முகம். ஆனால் முகம் தெரிந்தால் போதாது, பட்டியலில் பேரும் இருக்க வேண்டும். கூட்டமும் கேமராவும் சூழ்ந்து நிற்கும்போது "சார், லிஸ்ட்ல உங்க பேர் இல்லை" என்று சொல்வதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

சினிமா சொல்லிக்கொடுத்த விதி

ஒரு விதியை மட்டும் தமிழ்நாட்டுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்தில் தன் ஓட்டை யாரோ போட்டுவிட்டதைக் கண்ட விஜய் 49பி என்று ஒன்றைக் கையில் எடுத்தார். அடுத்த வருடத் தேர்தலில் சாவடிக்கு வந்தவர்கள் எடுத்தவுடனே "49பி கொடுங்க" என்றார்கள். அது சட்டப் பிரிவு இல்லை, தேர்தல் நடத்தும் விதிகளில் ஒரு விதி என்பதெல்லாம் யாருக்குத் தேவை?

டெண்டர் ஓட்டு என்று சொல்லப்படுவது அதுதான். உங்கள் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது. நீங்கள் நீங்கள்தான் என்று பி.ஆர்.ஓ.வைத் திருப்திப்படுத்திவிட்டீர்கள். இயந்திரத்தில் இடமில்லை, காகித வாக்குச்சீட்டு தருவார்கள். முத்திரை குத்தித் தனி உறையில் போட்டு ஒட்டிவைப்பார்கள். படத்தில் சொல்லாமல் விட்ட சேதி, வழக்கமான வாக்கு எண்ணிக்கையில் அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்கள் என்பது. நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள்.

அப்படி ஒரு நிலை வராது என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் கல்யாண்சிங் சௌஹான் பெற்றது 62,216 ஓட்டு. எதிர்த்து நின்ற காங்கிரஸ் மாநிலத் தலைவர் சி.பி.ஜோஷி பெற்றது 62,215. ஒரே ஓட்டு. டெண்டர் ஓட்டுகளைத் திறந்து பார்க்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏதோ ஒரு கிராமத்துச் சாவடியில் முதல் மேசையில் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலர் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் கோடு போட்டிருந்தால், வழக்குக் கட்டில் அவர் போட்ட கோடும் இருந்திருக்கும்.

வரிசை

ஆளைச் சோதிப்பது பாதி வேலை. ஆளை நடத்துவது மீதிப் பாதி. ஒரே பள்ளியில் ஐந்து பூத். சில இடங்களில் ஆண்களுக்குத் தனிச் சாவடி, பெண்களுக்குத் தனிச் சாவடி. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து ஒரே வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, மேசைக்கு வந்த பிறகு "உங்களுக்கு அடுத்த ரூம்" என்றால் எப்படி இருக்கும்? வாசலிலேயே சீட்டைப் பார்த்துப் பிரித்துவிட ஓர் ஆள் இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அதற்காகத்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வெளியே உதவி மேசை போட்டு உட்கார வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் கூடாது.

பார்வையற்றவரோடு துணைக்கு வருகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அன்று வேறு யாருக்கும் அவர் துணையாகப் போகக் கூடாது. அவருடைய வலது ஆள்காட்டி விரலிலும் மை வைப்பார்கள். காலையில் ஒரு பாட்டியைக் கூட்டிவந்த கட்சிக்காரர் மதியம் இன்னொரு பாட்டியோடு வந்தால் அந்த வலது விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

வரிசை விஷயத்தில் எனக்குப் பிடித்தது கடைசி நிமிட ஏற்பாடு. 6 மணி அடித்துவிட்டது. வெளியே இன்னும் நாற்பது பேர். அவர்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. பி.ஆர்.ஓ. கையெழுத்திட்ட, எண் போட்ட சீட்டுகளோடு வெளியே போவார். முன்னால் நிற்பவருக்குக் கொடுக்க ஆரம்பிக்க மாட்டார். கடைசியில் நிற்பவருக்கு 1, அவருக்கு முன்னால் நிற்பவருக்கு 2 என்று வாலிலிருந்து தலைக்குக் கொடுத்துக்கொண்டே வருவார். முன்னிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, நிச்சயம் கல்யாணப் பந்தியில் பரிமாறியிருப்பார். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு மதுரையில் சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தோடு மோதியபோது, அங்கே மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டினார்கள். தேர் பார்த்துவிட்டு வந்தவர்கள் இப்படித்தான் சீட்டு வாங்கி நின்றார்கள்.

ஏன் இயந்திரத்திலேயே நிற்கிறார்கள்?

பயிற்சி வகுப்பு முழுக்க இயந்திரமே ஓடுவதற்கு நியாயம் இருக்கிறது. காலையில் முகவர்கள் முன்னால் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு அதை அழித்துவிட்டு நிஜ வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். பதற்றத்தில் அழிக்க மறந்தவர்கள் 2019ல் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். அந்தத் தேர்தலில் மொத்தம் 13 சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. 2021ல் சென்னை வேளச்சேரியில் 92ஆம் எண் சாவடி. இயந்திரத்தை டூவீலரில் வைத்துக் கொண்டுபோனதால் அங்கே திரும்ப ஓட்டுப் பதிவு. இப்படி ஒன்று நடந்தால் பேப்பரில் வரும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ரேஷன் கார்டோடு வந்து திரும்பிப் போன கிழவி பேப்பரில் வர மாட்டாள். எது தலைவலியோ அதற்குத்தான் தைலம் தடவுவார்கள்.

பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது முதல் நாள்தான் தெரியும், கம்ப்யூட்டர் குலுக்கல். இயந்திரப் பெட்டி, உறைகள், படிவங்களோடு லாரியில் ஏறி, தெரியாத ஊரில், தண்ணீர் வருமா என்று தெரியாத கழிப்பறை உள்ள பள்ளியில் இரவு படுத்து, விடியற்காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவுக்கு எழ வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர் கண்ணுக்கு அந்த அலுவலர் சிடுசிடுக்கிறார். அவர் தூங்கியிருக்க மாட்டார்.

இவர்கள் அடையாளமே ஒரு தடவை சந்தி சிரித்ததுண்டு. 2016ல் ராதாபுரம் தொகுதியில் இன்பதுரை 49 ஓட்டில் அப்பாவுவை வென்றார். வழக்கு தபால் ஓட்டுகளில் வந்து நின்றது. தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற ஓட்டு அதுதான். 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. காரணம், சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அந்தத் தகுதி உண்டா என்ற சந்தேகம். உண்டு, எண்ணுங்கள் என்று 2019ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மறுபடி எண்ணிய முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஊரார் அடையாளத்தைச் சரிபார்க்கிறவர்களின் அடையாளத்தை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியில் ஒரு தொகுதியே தொங்கியது. இப்போது அவர்கள் வசதி மையத்துக்கே போய்த்தான் தபால் ஓட்டுப் போட வேண்டும் என்று 2023ல் விதியைத் திருத்திவிட்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கு வகுப்பு எடுக்கப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இரண்டரை மணி நேர இயந்திரப் பாடத்தில் அரை மணி நேரத்தை முதல் மேசைக்குக் கொடுங்கள். பிரசங்கம் வேண்டாம். நான்கு பேரை மேசையில் உட்கார வையுங்கள். மற்றவர்களை வாக்காளராக அனுப்புங்கள். ஒருவர் ரேஷன் கார்டோடு வரட்டும். ஒருவர் புருஷன் பேர் சொல்லாத கருப்பாயியாக வரட்டும். ஒருவர் முகத்தை மூடி வரட்டும், ஒருவர் 49பி கேட்டுக் கத்தட்டும், ஒருவர் நடிகராக வரட்டும். வீட்டிலிருந்தே தபாலில் ஓட்டுப் போட்டுவிட்டு, பட்டியலில் பி.பி. என்று குறிக்கப்பட்ட 85 வயதுத் தாத்தா மறுபடி ஆசையாக ஓட்டுப் போட வரட்டும். அவரிடம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கட்டும். நாடகம் போடுவது ஆசிரியர்களுக்குப் புதிதில்லை.

வாக்காளரான உங்களுக்கும் ஒரு வார்த்தை. போகிற முன் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்கள் பையில் நூறு நாள் அட்டையோ பாஸ்புக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கார்டை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். முதல் மேசையில் பேர் கேட்டால், பாட்டிக்குப் பதிலாக நீங்கள் சொல்லாதீர்கள். அவரே சொல்லட்டும்.